12 வயது மகளின் முதல் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். மகள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டாள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் மான் சீசன் தொடங்குகிறது; இன்னும் ஆறு வாரம்தான். இந்த ஊர்க்காரரான என் மாமனார், தன் ரெமிங்டன் 700 துப்பாக்கியைப் பேத்திக்கென்றே எடுத்து வைத்திருந்தார். அது .30-06 என்ற தோட்டாவுக்கானது. சுடும்போது தோளில் விழும் அதன் உதையை அவளால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டிலிருந்து பழக்குகிறோம். தோளுக்கு ரப்பர் மெத்தை, காதுக்கு இரட்டை அடைப்பு, அப்புறம் உதை குறைந்த தோட்டா ஒரு பெட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் அவளுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி (வெடிக்காத) தோட்டா வைத்தேன். விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ஆனாலும் குழல் முனை கீழே இறங்கியது, கண்கள் இறுக மூடியிருந்தன. பின்கட்டையும் அவள் கைக்கு நீளம். தாத்தாவின் துப்பாக்கி, அறுக்க மனசு வரவில்லை. வளர்ந்ததும் அவளுக்குத்தான் அது.

அதனால் சிறுவர் அளவில் ஒன்று வாங்கப் போகிறேன். .243 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் உதை .30-06இல் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் குண்டின் எடை 100 கிரெய்ன் (சுமார் ஆறரை கிராம்) தான்; குறி சற்றுத் தப்பினால் மான் காயத்தோடு ஓடிவிடுமோ என்று பயம். 7 எம்எம்-08 என்ற இன்னொரு தோட்டாவில் 140 கிரெய்ன் (சுமார் ஒன்பது கிராம்), உதை கொஞ்சம் கூடுதல். எங்கள் காட்டில் 100 கெஜத்துக்கு மேல் சுட வாய்ப்பில்லை.

பிள்ளைகளைப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எதை வாங்கட்டும்?