சுவாமிமலையடியில் சுழியோடிய ஆர்தர் சி. கிளார்க்

2008 மார்ச் 19ஆம் திகதி எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் காலமாகிவிட்டார். வயது 90. விண்வெளிக் கதைகளுக்காக உலகமே அவரை நினைக்கிறது. திருகோணமலைக்காரருக்கு அவர் முதலில் ஒரு சுழியோடி. 1956இல் இலங்கைக்கு வந்த கையோடு நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையின் சுவாமிமலைப் பாறையடியில் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார். அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாகவும் எழுதினார். (அந்த வில்சன் பிறகு முருகனடியாராகி, சுவாமி சிவகல்கி என்று பெயர் பெற்றார்.) எங்கள் கோயிலின் இடிபாடுகளை நேரில் பார்த்து உலகத்துக்குச் சொன்ன மனிதர் கிளார்க். மனம் கனத்துப்போயிருக்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்:
போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நானும் அங்கே இறங்கியிருக்கிறேன். நீரோட்டம் ஆளை இழுக்கும். முதலில் எல்லாம் பாறையாகத்தான் தெரிந்தது. ஒன்றில் கை வைத்தபோதுதான் விளிம்பு நேராக ஓடுவது பிடிபட்டது. பாசியும் சிப்பியும் மூடிய சதுரத் தூண்! அதன் இடுக்கிலிருந்து ஒரு சின்ன மீன் தலையை நீட்டிவிட்டு உள்ளே போனது. கடலுக்குள் உடம்பின் எடை தெரியாது, விண்வெளியில் மிதப்பதுபோல இருக்கும் என்பதற்காகவே கிளார்க் சுழியோட வந்தாராம். பின்னாளில் இளம்பிள்ளைவாதத்தின் பாதிப்பால் சக்கர நாற்காலிதான் என்றானபோதும் கடலை அவர் விடவில்லை.

ஓர் ஆசிரியை:
உயர்தர வகுப்பில் வட்ட இயக்கம் படிப்பிக்கும்போது அவரை நினைக்காமல் இருந்ததில்லை. பூமியை 24 மணித்தியாலத்தில் சுற்றிவரும் செய்மதிக்குப் பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீற்றர் தூரம் வரும். பூமியின் ஆரை 6,400ஐக் கழித்தால் உயரம் ஏறக்குறைய 36,000. பூமியும் அதே நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அங்கே செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தொடர்புகொள்ளலாம் என்று 1945இலேயே எழுதினார். முதல் செய்மதி பறந்ததே 1957இல்! அந்த மனிதர் கொழும்பில்தான் இருக்கிறார் என்றதும் பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2007 டிசம்பரில், தன் 90ஆவது பிறந்தநாளுக்குக் கிளார்க் மூன்று ஆசைகள் சொன்னார்: வேற்றுக்கிரக உயிர்களுக்குச் சான்று, எண்ணெயை நம்பாத சுத்தமான சக்தி, இலங்கையில் நிலையான சமாதானம். மூன்றாவதை வாசித்தபோது அழுதுவிட்டேன். எங்கேயோ பிறந்தவர் எங்களுக்காகக் கேட்டாரே!

அந்த 1957ஆம் ஆண்டுப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.