குட்டையை நிரப்பிய மனை, மேல்மண் கெட்டி: ராஃப்ட் போட்டால் போதுமா?

கேள்வி (புதுமனை):
நாங்கள் வாங்கிய மனை முன்பு குட்டையாக இருந்ததாம், பத்திரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இடிபாடும் மண்ணும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். லாரி ஏறினாலும் தடம் பதியவில்லை, கடப்பாரை ஓரடிக்கு மேல் இறங்கவில்லை. ஐந்தடியில் ஃபூட்டிங் (ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனி கான்கிரீட் அடித்தளம்) போதும் என்கிறார் மேஸ்திரி. ஒரு மாடி வீடுதான். மண் பரிசோதனை தேவையா, இல்லை வீட்டின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

துளைக்கருவி:
பரிசோதனை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கடப்பாரை மேல் ஓரடியைத்தான் சொல்லும், உங்கள் பிரச்சினை குட்டையின் அடியில் கிடக்கும் சேற்றில் இருக்கிறது. கொட்டிய மண்ணின் எடையே அந்தச் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டிருக்கும், அதனால் தரை வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

மண் பரிசோதனைக்குத் துளை (போர்) போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு ஒரு குழாயை மண்ணில் இறக்குவார்கள், முதல் 15 செ.மீ. போக அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்கிறார்கள் என்பதுதான் 'N' வேல்யூ, எண் கூடினால் மண் கெட்டி. இடிபாட்டில் அந்த எண்ணை நம்பி ஏமாறக்கூடாது. ஒருமுறை திடீரென 40 வந்தது, குழாயைப் பிரித்தால் முனையில் ஒரு செங்கல் துண்டு, அதற்குக் கீழே நாலுதான். அதனால் நிரப்பலையும் சேற்றையும் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரும்வரை போகச் சொல்லுங்கள், மனையின் இரண்டு மூன்று இடங்களிலாவது.

ராஃப்ட் சுவரை விரிசலிலிருந்து காப்பாற்றலாம், ஆனால் அகலம் கூடக்கூட அழுத்தமும் ஆழமாகப் போய்ச் சேற்றைத் தொடும். ஒரு பக்கம் சேறு தடித்திருந்தால் வீடு மொத்தமாகச் சாயும். பைசா கோபுரம் அப்படித்தான், உடையாமல் சாய்ந்தது. 1999 முதல் 2001 வரை உயர்ந்த பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்தெடுத்துத்தான் சாய்வைக் குறைத்தார்கள்.

சன்னலோரம்:
எங்கள் வீட்டில் பாதி பழைய தரை, பாதி நிரப்பியது. இரண்டாவது மழைக்கே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். அப்பா அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார், ஒன்பது தேதிகள் ஆகிவிட்டன. தளர்வாகக் கொட்டிய மண் முதல்முறை நன்றாக நனையும்போது சட்டென்று அமுங்கும் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூரைத் தண்ணீரையும் கழிவுநீர்க் குழாயையும் அஸ்திவாரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

புதுமனை:
அப்படியென்றால் கெட்டி மண் வரை கான்கிரீட் தூண் இறக்கும் பைல்தான் வழியா?

துளைக்கருவி:
நிரப்பல் ஆறேழு அடிதான் என்றால் சேற்றோடு சேர்த்து வெட்டியெடுத்து, நல்ல மண்ணை 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ரோலர் ஓட்டலாம். ஆழம் கூடினால் பைல். ஆனால் அமுங்கும் நிரப்பல் பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும், அந்த இழுவையையும் சுமையில் சேர்க்கச் சொல்லி டிசைன் செய்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். போர் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.