நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு வாராவாரம் யூரின் டெஸ்ட்?

கேள்வி:
அம்மாவுக்கு 54 வயது. ஆறு மாதமாக சைனஸ் என்றே நினைத்திருந்தோம், மூக்கைச் சிந்தினால் காய்ந்த ரத்தக்கட்டி, காது அடைப்பு வேறு. கடைசியில் ஆன்கா டெஸ்ட் (உடம்பு தன் வெள்ளணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், ரத்தக்குழாய் அழற்சி, அதில் ஜி.பி.ஏ. என்ற வகை என்றார்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்த மூன்றே வாரத்தில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். இப்போது டெஸ்ட்டுக்கு வரமாட்டேன் என்கிறார், மாத்திரையையும் நிறுத்தப் பார்க்கிறார். அப்படி என்னதான் ஆகிவிடும்?

பதில் 1:
மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள். நோய் திரும்புவது ஒருபக்கம், ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு தானாக அந்த ஹார்மோனைச் சுரக்கத் திணறும், அதுவே ஆபத்து.
எனக்கும் ஜி.பி.ஏ.தான். சிறுநீரகம் கெடும்போது வலிக்கவே வலிக்காது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது, நான் கண்டுகொள்ளவில்லை. நிறம் மாறவில்லை, ஆனால் டெஸ்ட்டில் ரத்தமும் புரதமும். ரத்தத்தில் 0.9 இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரண்டே வாரத்தில் 3.4! வடிகட்டுகிற நுண்குழாயிலேயே அழற்சி என்பதால் சில வாரங்களில் டயாலிசிஸ் வரை இழுத்துவிடும்.

பதில் 2:
என் தம்பிக்கும் ரத்தக்குழாய் அழற்சிதான். அவனுக்கு ஒருநாள் காலையில் இடது கால் செருப்பு நழுவிக்கொண்டே இருந்தது. செருப்பு பழசு என்று சிரித்தோம். பார்த்தால் பாதத்தைத் தூக்கவே முடியவில்லை, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கிறது. ஒரு வருடமாகியும் முழுசாகத் திரும்பவில்லை.
அப்புறம் நுரையீரல். இருமலில் ரத்தம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். சிலருக்கு உள்ளேயே கசியும், வெளியே ரத்தம் வராது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கும்.

கேட்டவர்:
கண்பார்வை போகும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார்?

பதில் 1:
அது பெரும்பாலும் ஜயன்ட் செல் என்ற இன்னொரு வகை ரத்தக்குழாய் அழற்சி, 50 தாண்டியவர்களுக்கு வருவது. நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் எரிச்சல், மென்றால் தாடை வலி. பார்வை போனால் திரும்புவது அரிது, அதனால் பயாப்சிக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். ஜி.பி.ஏ.விலும் கண் பாதிக்கும், கண் சிவந்து வலித்தால் அன்றே காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், இந்த மருந்துகள் எதிர்ப்புசக்தியை அடக்கிவைப்பதால் சின்னத் தொற்றும் முற்றிவிடும்.

கேட்டவர்:
செருப்பு கதையை வாசித்துக் காட்டினேன். பேசாமல் காலை நீட்டி விரல்களை ஆட்டிப் பார்த்தார். நாளைக்கு வருகிறாராம்.