டிக் த்ரோ அழுகுணி ஆட்டமா? போட்டி விதி எழுத உதவி வேணும்

பட்டன்பித்தன்:
சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 எக்ஸ் சண்டை வீடியோ கேம்ல போட்டி நடத்தப் போறேன்: ஆர்கேட் போர்டு, ஒரே கேபினெட், 16 பேர். டிக் த்ரோ, அதாவது சின்ன அடியை பிளாக் பண்ண வச்சு உடனே த்ரோ (பிடிச்சுத் தூக்கி எறியறது) போடுறதுதான் தகராறு. தடை பண்ணலாமா? மறைச்சு வச்சிருக்கற கேரக்டர் கோக்கியை (அகுமா) என்ன பண்றது?

ஒத்தைக்காசு:
த்ரோவைத் தடை பண்ணாதீங்க, பதில் இருக்கு. பிடிபட்ட உடனே ஸ்டிக்கை முன்னாலயோ பின்னாலயோ தள்ளி மீடியம் அல்லது ஹெவி பட்டனை அழுத்தினா சேதம் பாதியாக் குறையும், காலூன்றி இறங்கலாம். ரியூ, கென் கேரக்டரா இருந்தா பிளாக் முடியற கணத்துல ஷோர்யூகென் (எம்பிக் குத்தறது) போடலாம். மல்யுத்தக் கேரக்டர் சாங்கீஃபோட ஸ்க்ரூ பைல்டிரைவர் மாதிரி சிறப்பு த்ரோவைக் குறைக்க முடியாது. அவரைக் கிட்ட விடாம ஆடணும், அந்த மோதலோட சுவையே அதுதான். ஜப்பான்ல அந்தக் காலத்துல சில ஆர்கேட் கடைகள்ல 'ஹமே (தப்ப விடாம மாட்டி வச்சு அடிக்கறது) கூடாது'ன்னு எழுதி ஒட்டினாங்க. எத்தனாவது த்ரோவுல அது ஹமே ஆகுதுன்னு நடுவர் எப்படிச் சொல்வார்?

கோக்கி வேற கதை. காத்துல இருந்தே ஹடோகென் (சக்திப் பந்து) வீசுவார், எவ்வளவு அடிச்சாலும் மயக்கமே வராது. பாதிப் பேருக்கு மேல அவர்கிட்ட வழியே இல்லை. தயங்காம தடை பண்ணுங்க.

மூலைக்கேபினெட்:
ஓல்ட் சகட்டையும் (சகட் கேரக்டரோட பழைய வடிவம்) இப்பவே முடிவு பண்ணுங்க. அவர் வீசற டைகர் ஷாட் பந்து அவ்வளவு வேகமா அடுத்தடுத்து வரும். ஜப்பான்ல பலர் அவரைத் தாங்களாவே எடுக்கறதில்லை, அமெரிக்கப் போட்டிகள்ல அனுமதி உண்டு. என் ஓட்டு அனுமதிக்கு: ஓல்ட் கேரக்டருக்கு சூப்பர் (மீட்டர் நிறைஞ்சா போடற பெரிய அடி) கிடையாது, த்ரோ சேதத்தைக் குறைக்கவும் முடியாது.

பட்டன்பித்தன்:
நன்றி. ஜெயிச்சவர் கேரக்டர் மாத்தலாமா? நடுவுல பட்டன் வேலை செய்யலைன்னா?

ஒத்தைக்காசு:
ஜெயிச்சவர் அதே கேரக்டர், தோத்தவர் மாத்திக்கலாம். முதல் ஆட்டத்துக்கு 'நீ முதல்ல எடு'ன்னு இழுபறி வந்தா ரெண்டு பேரும் நடுவர் காதுல தனித்தனியா சொல்லட்டும். எந்தப் பக்கம் உட்காரணும்னு ஒத்துப்போகலைன்னா காசு சுண்டுங்க.

ஆட்டத்துக்கு முன்னாடி ஆறு பட்டனையும், ஸ்டிக்கோட நாலு மூலையையும் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சோதிக்காம உட்கார்ந்துட்டு அப்புறம் குறை சொன்னா அந்த ரவுண்டு போனது போனதுதான். நடுவுல நிஜமாவே ஸ்விட்ச் செத்துட்டா ரவுண்டை முடிச்சுட்டு நடுவரைக் கூப்பிடணும், எதிராளி ஆடிக்கிட்டிருக்கும்போது கையைத் தூக்கக் கூடாது.

மூலைக்கேபினெட்:
கன்சோல்ல நடத்தினா ஒண்ணு சேர்த்துக்கோங்க: நடுவுல பாஸ் (ஆட்டத்தை நிறுத்தற பட்டன்) அழுத்தினவருக்கு அந்த ரவுண்டு தோல்வி. ஆடி முடிச்சதும் வயர்லெஸ் கன்ட்ரோலரோட இணைப்பைத் துண்டிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். பைக்குள்ள கிடக்கற கன்ட்ரோலர்ல பட்டன் அமுங்கி அடுத்தவங்க ஆட்டம் நின்னுபோகும்.