ஜூனிபர் போன்சாயின் இலைகள் மஞ்சளாகின்றன: நீர் மிகுதியா, பூச்சியா?

மாடிவீட்டுக்காரர், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். மரத்தைச் சிறு தட்டில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் முறைக்கு நான் புதியவன். கடந்த சித்திரையில் ஒரு நர்சரியில் ஒரு சாண் உயர ஜூனிபர் என்னும் ஊசியிலை மரம் வாங்கினேன். ஆழமில்லாத பீங்கான் தட்டில், மண் தெரியாதபடி வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிக் கொடுத்தார்கள். கூடத்தில், கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்து, கடைக்காரர் சொன்னபடி தினமும் அரை டம்ளர் போர்த் தண்ணீர் ஊற்றி வருகிறேன். இரண்டு வாரமாகச் சில கிளைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. மற்றவை பச்சையாக இருந்தாலும் பொலிவிழந்து புழுதி படிந்தாற்போல் தெரிகின்றன. பக்கத்து வீட்டம்மா உரம் வைக்கச் சொல்கிறார். மைத்துனரோ தண்ணீரை அடியோடு நிறுத்தச் சொல்கிறார். எதைக் கேட்பது?

கொளத்தூர் தோட்டக்காரர்

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள், நண்பரே. நோயுற்ற வேருக்கு உரம் மேலும் சுமைதான். தண்டை ஒட்டிய உட்புறத்துப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பு, கவலை வேண்டாம். புதுத் தளிர் மட்டும் வெளுத்தால் உப்பு நீரால் இரும்புச் சத்து எட்டவில்லையோ என்று பார்க்கலாம். நீங்கள் சொல்வதுபோல் நுனியிலிருந்து கிளை கிளையாகப் பரவினால் முதலில் வேரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜூனிபரில் இதுதான் சங்கடம்: வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும் என்பதால், இன்று நீங்கள் பார்க்கும் மஞ்சள் சென்ற மாதத்துத் தவறின் விளைவாக இருக்கக்கூடும்.

அந்தக் கூழாங்கற்களை விரலால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். விற்பனைக்கு அழகாக இருக்கும் என்று செய்கிற வேலை இது. எனக்கு அறவே பிடிக்காது. ஒட்டிய கல்லுக்கு அடியில் மண் காய்கிறதா, ஊறுகிறதா என்பதே தெரியாது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மண்ணில் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்து, ஈரத்தையும் வாடையையும் கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

பொலிவிழந்து புழுதி படிந்தாற்போல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனாகவும் இருக்கலாம் தம்பி. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். விழுகிற துகள்களில் ஏதாவது நகர்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். விரலால் தேய்க்கும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தால் பேன்தான். காற்றோட்டமில்லாத, வெப்பமான கூடம் அதற்கு மிகவும் உகந்த இடம். எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனம் என்பதால் சாதாரணப் பூச்சிக்கொல்லிகள் பலவும் அதனிடம் பலிப்பதில்லை.

மாடிவீட்டுக்காரர், தண்டையார்பேட்டை

இரண்டையும் செய்தேன். தாளில் நான்கைந்து புள்ளிகள் நகர்ந்தன. ஒன்றைத் தேய்த்ததும் கோடு விழுந்தது. கற்கள் கெட்டியாக ஒட்டியிருந்தன; கத்தி முனையால் நெம்பி எடுத்த பிறகு செருகிய குச்சியின் அடிப்பாதி கறுத்து, சாக்கடை வாடையோடு வந்தது. தட்டின் அடியில் ஒரே ஒரு துளைதான். அதையும் தென்னை நார்த்தூள் அடைத்திருந்தது.

கொளத்தூர் தோட்டக்காரர்

அப்படியானால் வேரே முதல் நோயாளி, பேன் அடுத்தது. துளையைக் குச்சியால் திறந்துவிட்டு, தட்டின் ஒரு பக்கத்துக்கு அரைச் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். தட்டையாக இருக்கும்போது அடியில் தங்குகிற நீர் சாய்த்தால் வடிந்துவிடும். பிறகு, வேரைக் கழுவாமல் மண்கட்டியோடு சற்றுப் பெரிய மண்தொட்டிக்கு மாற்றி, சுற்றிலும் சலித்த செங்கல் துண்டுகளும் கரடுமுரடான மணலும் கலந்து நிரப்புங்கள். இந்த வெயிலில் வேரை வெட்டினால் மரம் தாங்காது. ஜூனிபர் வெளியில் வளர்கிற மரம் என்பதால், மொட்டை மாடியில் காலை வெயில் படுகிற, பத்து மணிக்கு மேல் நிழல்வலை மறைக்கிற இடத்துக்குச் சில நாள்களில் பழக்குங்கள். நாள் கணக்குப் பார்த்து ஊற்றாமல், மேல் மண் காய்ந்த பிறகு துளை வழியே வெளியேறும்வரை ஊற்றுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

பேனுக்கு முதலில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மண்ணில் வடியாதபடி தொட்டியைப் பாலித்தீனால் மூடிக்கொள்ளலாம். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று முறை செய்ய வேண்டும். மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகாது; நுனியில் இளம்பச்சைத் துளிர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். குளிர்காலம் தேவைப்படுகிற இந்த மரத்தைச் சென்னையில் வைத்துக்கொண்டு நானே இருமுறை தோற்றிருக்கிறேன். முதல் மரமாக இச்சியையோ ஆலையோ வாங்கியிருந்தால் இவ்வளவு பாடு வந்திருக்காது.

மாடிவீட்டுக்காரர், தண்டையார்பேட்டை

நன்றி அம்மா, நன்றி ஐயா. நேற்று மாலை செங்கல் கொடுத்துச் சாய்த்தேன். இரவுக்குள் அடியில் வைத்த கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் அரை டம்ளருக்கு மேல் நீர் சேர்ந்திருந்தது. நேற்றுக் காலை நான் தண்ணீரே ஊற்றவில்லை. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்ததில், அடித்தண்டு இன்னும் பச்சையாகவே இருக்கிறது.