மறு: ‘உரிபகா’வா, ‘தேய்பகா’வா?

அண்ணாச்சி, வணக்கம்.

ஒரு பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் எண்ணை ஆங்கிலத்தில் truncatable prime என்கிறார்கள். அதற்கு ‘துண்டிக்கத்தக்க பகா எண்’ என்பது விளக்கமே தவிரப் பெயர் அன்று என்று நீங்கள் எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். மாற்றாக நீங்கள் தந்த ‘உரிபகா’வும் எனக்குப் பிடித்திருந்தது. களக்காட்டுப் பக்கம் வாழைத்தண்டு எடுக்க மட்டை மட்டையாக உரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காட்சி உடனே கண்ணில் வந்துவிடுகிறது. ஆனாலும் இரண்டு நாள் யோசித்தபின், அது வேண்டாம் என்றே தோன்றுகிறது. வாழைமட்டை சுற்றிலும் உரியும். அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. இந்த எண்களுக்கோ திசைதான் உயிர்.

357686312646216567629137 என்ற எண்ணையே பாருங்கள். 24 இலக்கம். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக நீக்கிக்கொண்டே வந்தால் மிஞ்சுவதெல்லாம் பகா எண். கடைசியில் 9137, 137, 37, 7. சுழியம் கலவாத இவ்வகை எண்களில் இதுவே மிகப் பெரியது. இதன் முன்னால் 1 முதல் 9 வரை எதைச் சேர்த்தாலும் பகு எண்ணாகிவிடும். வலப்பக்கமிருந்து நீக்கினால் 73939133 என்ற எட்டு இலக்கத்தோடு எல்லை வந்துவிடுகிறது. காரணம் எளிது: பின்னால் ஒட்டுவதற்கு 1, 3, 7, 9 என்ற நான்கே இலக்கங்கள் உதவும், மற்றவை ஒட்டினால் 2 அல்லது 5 வகுத்துவிடும். இடப்பக்க வகையில் 4260 எண்கள் இருக்க, வலப்பக்க வகையில் 83தான்.

போன வாரம் கல்லிடைக்குறிச்சியில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த 24 இலக்கத்தையும் கரும்பலகையில் எழுதி, ஒருவர் பின் ஒருவராக வந்து அழிக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “சார், நிலா மாதிரித் தேய்கிறது” என்றாள். தேய்பிறை, தேய்பகா. சொல் அங்கேயே கிடைத்துவிட்டது.

வினைத்தொகை ஆதலால் தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என மூன்று காலமும் அதில் அடங்கும். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் பகா எண்ணே என்ற பண்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது? சங்குக்கு வலம்புரி, இடம்புரி என்பதுபோல வலந்தேய் பகா, இடந்தேய் பகா என்று பிரித்துக்கொள்ளலாம். ‘முதன்மை எண்’ என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்கும் ‘தேய்முதன்மை எண்’ தடையின்றி வரும். தேய்மானம் என்ற இழப்புப் பொருள் ஒட்டிக்கொள்ளுமோ என்று நீங்கள் கேட்கலாம். இலக்கம் இழக்கப்படுகிறதுதான், பகாத் தன்மை இழக்கப்படவில்லை. தேய்கிற பிறையும் நிலாதானே.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 739397 எந்தப் பக்கமிருந்து தேய்த்தாலும் பகா எண்ணாகவே நிற்கிறது. இருபுறமும் தேயும் எண்களில் அதுதான் பெரியது. ‘இருபுறந்தேய் பகா’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நாவில் ஓடவில்லை. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள் அண்ணாச்சி.