புதுப்பிப்பு: அரங்கேற்ற வட்டின் உறையில் டிவிடி சின்னம் போடலாமா?

மகளின் அரங்கேற்றக் காணொளியை 60 வட்டுகளில் பதிந்து உறவினர்களுக்குக் கொடுக்கப்போவதாகவும், உறையில் ‘டிவிடி வீடியோ’ சின்னத்தை அச்சிடலாமா என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். இலவசமாகக் கொடுப்பதை யார் கேட்கப்போகிறார்கள் என்றே பலரும் சொன்னீர்கள். விசாரித்ததில் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

அந்தச் சின்னம் பொதுச்சொத்தன்று. டிவிடி ஃபார்மட் லோகோ லைசென்சிங் கார்ப்பரேஷன் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமம் பெற்றவர்களுக்கே அதைத் தருகிறது. நான் வாங்கிய வெற்று வட்டின் நடுத்துளையை ஒட்டிப் பொடியாகத் தெரியும் ‘டிவிடி ஆர்’ சின்னம், வட்டைத் தயாரித்தவர் பெற்ற உரிமத்தைச் சேர்ந்தது. அதில் நான் படம் பதிந்துவிட்டேன் என்பதால் உறையில் வேறொரு சின்னத்தைப் போடும் உரிமை எனக்கு வந்துவிடாது. ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டோல்பியின் இரட்டை ‘டி’ சின்னத்துக்கும் இதே கதைதான்.

ஆனால், பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நேர்மையான முறையில் குறிப்பிடுவதற்குச் சிங்கப்பூர் வணிகச் சின்னச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடமளிப்பதால், “டிவிடி வட்டு” என்று சாதாரண எழுத்தில் மட்டும் அச்சிட்டேன். சின்னம் இல்லாமல் உறை மொட்டையாக இருக்கிறதே என்று தேக்கா பக்கத்து அச்சகக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். சின்னம் வரவேண்டிய மூலையில் ஒரு சலங்கைப் படத்தை வைத்ததும் சமாதானமானார்.